வீட்டுக்குள் காட்டு விலங்கு வந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே, சிறுவாணிச் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் 14 வருடமாக இருக்கிறேன். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் இங்கே மனை வாங்கினோம். மலையில் இருப்பவையும் நம்மைப் பார்க்கும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது பாம்பு பிடிப்பவர், வனச்சரக அலுவலகம் என்று எல்லா நம்பரையும் என் போனில் வைத்திருந்தேன். பதவி போய் நாளாகிவிட்டது, அழைப்பு மட்டும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சுங்க. முதல்ல என்ன பண்றது?

கையில் இருக்கும் தடியைக் கீழே போடுங்கள். குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் ஏழெட்டு அடி தள்ளி நின்று பாம்பின் மேல் கண் வைத்திருங்கள். இந்தக் கண் வைக்கிற வேலைதான் முக்கியம். "இப்பத்தான் இங்க இருந்துச்சு" என்ற வீட்டில் பாம்பைத் தேடுவது, பிடிப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். பீரோ, கட்டில், துணிக்கூடை என்று எல்லாவற்றையும் நகர்த்த வேண்டிவரும்.

பாம்பு இருக்கும் அறையின் கதவைச் சாத்த முடிந்தால் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிடுங்கள். வெளிவாசல் பக்கமாக இருந்தால் அந்தக் கதவை மட்டும் திறந்து வைத்து மற்ற கதவுகளைச் சாத்திவிடலாம். ஆள் சத்தம் அடங்கினால் பல சமயம் அதுவே வந்த வழியே போய்விடும். மண்ணெண்ணெய், பினாயில், கொதிக்கும் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். சும்மா சுருண்டு கிடந்த பாம்பு வலியில் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யாரைக் கூப்பிடறது? ஃபயர் சர்வீஸ் வருவாங்களா?

வருவார்கள். 101-க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புத் துறையினர் பாம்புக்கும் வருவார்கள், 112-லும் சொல்லலாம். பாம்பு தவிர வேறு பெரிய விலங்கு என்றால் நேராக வனத்துறைக்குச் சொல்வது நல்லது. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக நம்பரை இன்றைக்கே வாங்கிப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்குக் குளியலறை வாசலில் நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது.

தனியாகப் பாம்பு பிடிப்பவர்களில் நல்லவர்களும் உண்டு, வித்தை காட்டுகிறவர்களும் உண்டு. கொக்கியும் பையும் கொண்டுவந்து, பேசாமல் பிடித்து, பையைக் கட்டி, கிளம்புகிறவர் நல்லவர். கழுத்தில் போட்டு போட்டோ எடுக்கச் சொல்கிறவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

அது விஷப்பாம்பா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நம் ஊரில் மனிதர்களை அதிகம் கடித்துக் கொல்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். படம் எடுத்தால் நல்ல பாம்பு. முதுகில் சங்கிலி கோத்தது போலப் பழுப்பு வட்டங்களோடு, தடித்த உடம்புடன், குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் வரும் சீற்றம் போலச் சத்தம் போட்டால் கண்ணாடி விரியன். சுருட்டை சின்னது; உடம்பைச் சுருட்டி உரசி, மரத்தை ரம்பம் போட்டு அறுப்பது போல ஒலி எழுப்பும். மலைப்பக்கம் போனால் குழிவிரியன் வகைகளும் ராஜநாகமும் கூட உண்டு.

குழப்பம் வருவது கட்டுவிரியனிடம்தான். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் ஓநாய்ப் பாம்பு. விஷமில்லாதது, சொரசொரப்பான சுவரில் பல்லி மாதிரி ஏறும், பல்லியைத்தான் தேடியும் வரும். இரண்டுக்கும் உடம்பில் வெள்ளை வளையங்கள் உண்டு. ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகிலேயே வளையம் பட்டையாகத் தொடங்கி வால்பக்கம் மங்கிப்போகும். கட்டுவிரியனுக்குக் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கி, மெல்லிய கோடுகளாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்பக்கம் தெளிவாகத் தெரியும். படித்தாகிவிட்டதா? சரி, இப்போது மறந்துவிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், நெஞ்சு படபடக்க, இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் வந்த எந்தப் பாம்பையும், குட்டியே ஆனாலும், விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு எல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு. எப்படிங்க உள்ள வருது?

கதவுக்கடியில் விரல் நுழையும் இடுக்கு இருந்தால் போதும். அப்புறம் குளியலறைத் தண்ணீர் போகும் துளை, சிங்க் குழாய் சுவரைத் தாண்டும் ஓட்டை, ஏசி குழாய்க்குப் போட்டு அடைக்காமல் விட்ட துளை, ஜன்னலைத் தொடும் கொடி, மாடியைத் தொடும் மாமரக் கிளை. எங்கள் வீட்டில் வந்த வழி வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய். குழாய் மெல்லியது, சுவரில் போட்ட துளை பெரியது. மூன்று வருடம் தினமும் பார்த்த துளைதான், அது வழியாக ஒரு சாரைக்குட்டி தலையை நீட்டிய அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அதைவிட முக்கியம், ஏன் வருகிறது என்பது. எலி இருக்கிறது, வருகிறது. நாய்க்கு வைத்த சோறு ராத்திரி முழுக்கத் தட்டில் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். சுவரோரம் அடுக்கிய செங்கல், விறகு, தேங்காய் மட்டை எல்லாம் அதற்குத் திண்ணை. கதவுக்கடியில் ரப்பர் பட்டி, தண்ணீர்த் துளைகளுக்குச் சின்னக் கண் ஜல்லடை, சுவர் ஓட்டைக்குச் சிமெண்ட். ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிகிற வேலை. முப்பதாயிரத்துக்கு கேமரா மாட்டியவர் வீட்டில் இன்னும் துளை அடைக்கவில்லை.

பூண்டு தட்டிப் போட்டா வராதுன்னாங்க. சிறியாநங்கை வெச்சிருக்கோம், பெருங்காயத் தண்ணியும் தெளிக்கிறோம்…

வீடு மணக்கும், அவ்வளவுதான். சிறியாநங்கைத் தொட்டிக்கு அடியிலேயே பாம்பு சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடம், குளிர்ச்சியாக இருக்கும். கார்பாலிக் அமிலம் வாங்கி வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். குழந்தை தோலில் பட்டால் புண்ணாகும். அந்தக் காசில் முந்தைய பதிலில் சொன்ன ஜல்லடையை வாங்குங்கள்.

அடிச்சுட்டா ஜோடி வந்து பழிவாங்கும்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

இல்லை. முகத்தை நினைவில் வைத்துத் தேடிவரும் அளவுக்குப் பாம்புக்கு நம் மேல் அக்கறை கிடையாது. முதல் பாம்பு வந்த ஓட்டை அடைபடாமல் இருந்தால் இரண்டாவது வரும்; அதைத்தான் ஜோடி என்கிறார்கள். சாரையும் நாகமும் பின்னிப் பிணைவதாகச் சொல்வதும் அப்படியே. அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். அதற்கு விஷமே இல்லை.

ஆனால் மாமியார் பேச்சைக் கேட்டு அடிக்காமல் விடுகிறீர்கள் என்றால், நான் மறுக்கப்போவதில்லை.

கடிச்சுட்டா என்ன பண்ணணும்? கயிறு கட்டணுமா?

கட்டக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, பச்சிலை அரைக்க நேரம் ஒதுக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையை அல்லது காலை எலும்பு முறிந்தது போல ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நம் ஊரில் போடும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. அரசு மருத்துவமனையில் இலவசம்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் நடமாடும், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்தது எறும்பு கடித்தது போலக்கூட இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் கண் இமை தூக்க முடியாமல் சொக்குவது, பேச்சுக் குழறுவது. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து வீட்டில் வைத்திருந்தால் மூச்சுத் தசை நின்றுபோகும். தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள். கொசுவுக்கு மட்டுமான வலை அல்ல அது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தார்கள். மருந்துக்கான நஞ்சு எடுப்பதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குரங்கு கிச்சனுக்குள்ள உக்காந்து பழம் தின்னுட்டு இருக்குது. துரத்தலாமா?

நீங்கள் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எனக்கு வந்த குரங்கு அழைப்புகளில் பலவற்றில் குரங்கு போகாததற்குக் காரணம், போகும் வழியில் ஆள் நின்றதுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதன் மொழியில் இரண்டும் சண்டைக்கு அழைப்பு. கையில் இருக்கும் பையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள்.

கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும். நாய்க்கு மட்டும்தான் அந்த ஊசி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்புறம், அனுமாருக்கு என்று மொட்டை மாடியில் தினமும் வாழைப்பழம் வைக்கிற வீட்டுக்காரரே பக்கத்து வீட்டுக்குக் குரங்கு வந்ததற்குப் பொறுப்பு. இதை நான் சங்கக் கூட்டத்தில் சொல்லி இரண்டு வீட்டாரிடம் பேச்சு நின்றுபோனது. திரும்பவும் சொல்கிறேன்.

ராத்திரி ஓட்டு மேல தடதடன்னு ஓடுது. எலி இல்லீங்க, ஏதோ பெருசு.

மரநாயாக இருக்கும். நாய் என்று பெயரே தவிர நாய் அல்ல. நீண்ட வால், சாம்பல் உடம்பு, முகத்தில் முகமூடி போட்டது போலக் கறுப்பு. பழமும் எலியும் தின்னும், பனங்கள்ளும் குடிக்கும். காலையில் மொட்டை மாடியில் கொட்டைகளாகவே ஒரு குவியல் கிடந்தால் அது இதன் வேலை. மனிதரை ஒன்றும் செய்யாது.

விரட்ட வேண்டுமென்றால் பகலில் அது தூங்கும்போதோ, உள்ளே குட்டிகள் இருக்கும்போதோ ஓட்டையை அடைக்காதீர்கள். ஒருவர் அப்படி அடைத்தார். உள்ளே மூன்று குட்டிகள். தாய் வெளியே நின்று ஓட்டைப் பிராண்ட, உள்ளே குட்டிகள் கத்த, நான்கு நாள் அந்தத் தெருவே தூங்கவில்லை. கடைசியில் ஓட்டைப் பிரித்தார். குட்டிகள் வளர்ந்து அவையாகவே போகும்வரை சில வாரம் பொறுங்கள். பிறகு மாலை இருட்டி அது இரை தேடக் கிளம்பியதும் மரக்கிளையை வெட்டி, ஓட்டையைக் கம்பி வலை போட்டு அடையுங்கள்.

வௌவால் ரூமுக்குள்ள சுத்துது. ஃபேன் ஓடுது…

ஃபேனை நிறுத்துங்கள். விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து விட்டால் பத்து நிமிடத்தில் போய்விடும். கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் குரங்குக்குச் சொன்னதேதான். தோட்டத்தில் பாதி கடித்து விழுந்த கொய்யாவைக் கழுவித் தின்னும் பழக்கத்தையும் விடுங்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பேசப்பட்டது பழந்தின்னி வௌவால்களைப் பற்றித்தான்.

அரிசி மூட்டைக்காக யானை சுவரையே உடைக்குமாமே?

உடைக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் இது கதை அல்ல. அரிசி, தவிடு, மாட்டுத்தீவனம், உப்பு, வெல்லம், பலாப்பழம் எல்லாவற்றின் வாசனையும் அதற்கு வெகுதூரத்திலிருந்தே தெரியும். கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற யானைக்கு அரிக்கொம்பன் என்றே பெயர் வந்தது. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள்.

ஆகவே காட்டோர வீட்டில் அரிசியையும் தீவனத்தையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடி இறுகிய டிரம்மில் போட்டு நடு அறையில் வையுங்கள். சமையலறை ஜன்னலுக்கு நேரே தலைவைத்துப் படுக்காதீர்கள். யானை வந்துவிட்டால் அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்க அறைக்குப் போய் அமைதியாக இருந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். டார்ச்சை முகத்தில் அடிப்பது, பட்டாசு கொளுத்துவது, போன் எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவது மூன்றும் வேண்டாம். நடந்த சாவுகளை விசாரித்தால், ஆள் வெளியே வந்து எதிரே மாட்டியது அடிக்கடி வரும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர், யானை எங்கே நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பியும், எஸ்டேட் முக்குகளில் சிவப்பு விளக்கு எரியவிட்டும் எச்சரிக்கிறார்கள். எதிரே மாட்டாமல் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும் என்ற எளிய யோசனைதான்.

நீலகிரியில் கரடிக்கும் இதே கணக்கு. அது கோயில் கதவை உடைப்பது விளக்கு எண்ணெய்க்காக.

சிறுத்தை வீட்டுக்குள்ள வந்தா?

வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. நீங்கள் உள்ளே, அது வேறு அறையில் என்றால் உங்கள் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு போன் செய்யுங்கள்.

2023 தீபாவளியன்று குன்னூரில் ஒரு சிறுத்தை நாயைத் துரத்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் புகுந்தது. மீட்கப் போனவர்கள் உட்படப் பலருக்குக் காயம். பிறகு ஆட்களை விலக்கி, வழியை விட்டுக் காத்திருந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருந்துவிட்டு அதுவே வெளியேறிப் போனது. அதற்கு வேண்டியது நாய். உங்கள் நாயை ராத்திரி வெளியே கட்டிப்போடாதீர்கள்.

தற்காப்புக்கு அடிச்சா கேஸ் வருமா? உடும்பு வந்தா பிடிச்சுக்கலாமா?

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தன்னையோ மற்றவரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்கிறது. அப்போதும் செத்த விலங்கு அரசின் சொத்து. பல், நகம், தோல் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. கழிவறைக்குள் அடைபட்டுக் கிடந்த பாம்பை நான்கு பேர் சேர்ந்து அடித்துவிட்டு வீடியோ போடுவது தற்காப்பில் வராது.

உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. பிடித்தால், விற்றால், தைலம் காய்ச்சினால் சிறைவரை போகும். அது வீட்டுக்கு வந்தது கோழி முட்டைக்கோ எலிக்கோ. கதவைத் திறந்துவிட்டால் போய்விடும்.

குட்டி தனியாக் கிடந்துச்சு, பாவமேன்னு பால் குடுத்து வளர்க்கிறோம். அதுவும் தப்பா?

சட்டப்படி தப்பு. அதைவிட, பெரும்பாலும் அது அனாதையே அல்ல. இரை தேடப் போன தாய் திரும்பி வரும். கண்ட இடத்திலேயே நாய், பூனை எட்டாத உயரத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையிலும் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

பிடிச்ச பாம்பை ரொம்ப தூரத்துல கொண்டுபோய் விடச் சொல்லக் கூடாதா?

நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். "சார், எலி அங்கேயேதானே இருக்கும்?" என்றார் பிடிக்க வந்தவர். தெரியாத இடத்தில் விட்ட பாம்புக்கு ஒளியும் இடம் தெரியாது, தண்ணீர் தெரியாது. அலைந்து திரிந்து அங்கே இன்னொரு வீட்டுக்குள் நுழையும், இல்லையென்றால் சாகும். இங்கேயோ காலியான இடத்துக்கு வேறொன்று வரும். அதனால் பக்கத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத புதரில் விடுவதுதான் முறை. வனத்துறைக்குத் தெரியாமல் விடவும் கூடாது.

இவ்வளவு சொல்றீங்களே, உங்க வீட்டுக்கு இப்ப எதுவும் வர்றதில்லையா?

வருகிறது. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பெரிய சாரை இருக்கிறது. வெயில் ஏறியதும் செங்கல் மேல் வந்து நீளமாகக் கிடக்கும், துணி காயப்போட யாராவது போனால் தொட்டிக்கடியில் போய்விடும். என் மனைவி இப்போதெல்லாம் வாளியைத் தரையில் ஒருமுறை தட்டி வைத்துவிட்டுத்தான் பின்கதவைத் திறக்கிறாள். வாஷிங் மெஷின் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன்.